புரதத்தைக் குறை என்றால் பட்டினி கிட என்று அர்த்தமா?

"கிட்னி கெட்டுப் போச்சா? இனிமே பருப்பு, முட்டை எதையும் தொடாதே!" இந்த அறிவுரை ஊர் ஊராகச் சுற்றுகிறது. இதில் பாதி உண்மை. உடம்பு புரதத்தைப் பயன்படுத்திய பின் மிஞ்சும் கழிவு யூரியா. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். பழுதான சிறுநீரகத்துக்கு அந்தச் சுமையைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் எவ்வளவு குறைப்பது? அதை யாரும் சொல்வதில்லை.

கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நோயின் 3 முதல் 5ஆம் நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும். 1.3 கிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடை உள்ளவருக்குக் கணக்கு 40 கிராம்.

இனி ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளியில் ஒரு கூலித் தொழிலாளியின் தட்டைப் பார்ப்போம். காலையும் மதியமும் களிக்கு 300 கிராம் ராகி மாவு, இரவு 100 கிராம் அரிசிச் சோறு என்று வைத்துக் கொண்டால், புரதம் சுமார் 29 கிராம். 30 கிராம் கொள்ளு சேர்த்தால் 36. அதாவது அவர் ஏற்கனவே அளவுக்குள்தான் இருக்கிறார்! அந்தக் கொள்ளையும் பிடுங்கினால் சிறுநீரகம் பிழைக்காது, உடம்புதான் இளைக்கும். தினமும் கறியும் முட்டையும் சாப்பிடுபவருக்குச் சொல்ல வேண்டியதை இவருக்கும் சொல்வது என்ன நியாயம்?

இதைவிட மோசம், டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதே பத்தியத்தைத் தொடர்வது. டயாலிசிஸில் புரதச் சத்தும் சேர்ந்து வெளியேறுவதால், அப்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. நேற்று வரை விலக்கிய முட்டையே இன்று மருந்து. இதை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லாவிட்டால் நோயாளி பயந்து பயந்தே மெலிந்து போவார்.

குறைக்க வேண்டியது வேறு இருக்கிறது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பவை சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். இவற்றுக்கான மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சிறுநீரக நோயாளிக்கு அந்த மாத்திரையோடு ஒரு சீட்டும் தர வேண்டும்: எடை இவ்வளவு, புரதம் இவ்வளவு, அது களியில் எத்தனை உருண்டை, கொள்ளில் எத்தனை கரண்டி என்று. பொட்டாசியம் போன்றவற்றை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

அளவு சொல்லாமல் "குறை" என்று மட்டும் சொல்வது வைத்தியம் ஆகாது. ஏழை வீட்டில் அது பட்டினியாகத்தான் போய் முடியும்.