டீம் மாறும் ஃபைல்கள்: ஒரே கட்டளை போதும்... ஆனால், எந்தக் கட்டளை?

இரண்டு டீம்களை ஒன்றாக்கப் போவதாக ஆபீஸில் ஒரு மெயில் வரும். புது டீமுக்குப் புது பெயர், புது மேனேஜர், புது வாட்ஸ்அப் குரூப் எல்லாம் ஒரே நாளில் ரெடியாகிவிடும். பழைய டீமின் கூகுள் டிரைவில் கிடக்கும் 60 ஆயிரம் ஃபைல்கள் மட்டும் அங்கேயே இருக்கும். "அதை யாராவது மூவ் பண்ணிடுங்க" என்று மீட்டிங் முடியும்போது ஒரு வரி விழும். அந்த 'யாராவது' பெரும்பாலும் டீமிலேயே ஜூனியராகத்தான் இருப்பார்.

அவரும் மவுஸைப் பிடித்து ஃபோல்டர் ஃபோல்டராக இழுக்கத் தொடங்குவார். மூன்றாவது ஃபோல்டரில் பிரவுசர் திணறும். எது போனது, எது போகவில்லை என்று கணக்கு தெரியாது. இந்த இடத்தில்தான் கறுப்புத் திரையும் ஒரு வரிக் கட்டளையும் உதவிக்கு வருகின்றன.

ஆர்க்ளோன் என்பது என்ன?

கிளவுட் ஸ்டோரேஜ்களுக்கு இடையே ஃபைல்களை நகர்த்தும் இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் 'ஆர்க்ளோன்'. வழக்கமாக இதை ஜன்னல், பட்டன், ஐகான் என்று அலங்காரம் இல்லாமல்தான் பயன்படுத்துவார்கள். கமாண்ட் லைனில் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், அமேசான் எஸ்3 எனப் பல தளங்களோடு இது பேசும். எங்கிருந்து, எங்கே என்று இரண்டு முகவரிகளைக் கொடுத்தால் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதன் பெரிய பலம் ஞாபகம். பாதியில் நெட் போனால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் போதும்; ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஃபைல்களைத் தாண்டிவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். எல்லாம் முடிந்ததும் 'செக்' என்ற கட்டளை இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, எந்த ஃபைல் வரவில்லை, எது வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லும். மவுஸால் இழுப்பவருக்கு இந்த நிம்மதி கிடைக்காது.

வேகமும் வரம்பும்

கட்டளை ஒரு வரிதான் என்பதற்காக வேலை ஒரு நிமிடத்தில் முடியும் என்று நினைத்தால் தப்பு. கூகுள் டிரைவில் ஒரு பயனர் ஒரு நாளில் 750 ஜிபி வரைதான் ஏற்ற முடியும். 10 டிபி இருக்கும் டீம் என்றால், ஒரே கணக்கை வைத்துக்கொண்டு சுமார் இரண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்து திங்கள் காலை முடிப்போம் என்று திட்டம் போடும் மேனேஜர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரு கம்பெனியின் கிளவுடிலிருந்து இன்னொரு கம்பெனியின் கிளவுடுக்குப் போகும்போது, ஒவ்வொரு ஃபைலும் கட்டளை ஓடும் கம்ப்யூட்டர் வழியாக இறங்கி ஏறும். வீட்டு வைஃபையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவது இதற்குச் சரிப்பட்டு வராது.

ஒரு சொல், பெரிய வித்தியாசம்

'காப்பி' என்றால் நகல் எடுக்கும். பழையது அப்படியே இருக்கும். 'மூவ்' என்றால் அங்கே வைத்துவிட்டு இங்கே அழிக்கும். 'சிங்க்' என்றால், சேரும் இடத்தை கிளம்பும் இடத்தைப் போலவே மாற்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கிளம்பும் இடத்தில் இல்லாத ஃபைல் எதுவும் சேரும் இடத்தில் இருந்தால் அதை அழித்துவிடும். புது டீம் ஏற்கெனவே அங்கே வைத்திருந்த ஃபைல்களும் அதில் சேர்த்தி. இரண்டு முகவரிகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டாலோ, காலியான ஃபோல்டரைப் பார்த்து நிரம்பிய ஃபோல்டர் காலியாகிவிடும்.

"யாருப்பா அப்படிப் பண்ணுவாங்க?" என்று சிரிக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் நிலை சர்வரில் இருப்பதாக நினைத்து, முக்கிய டேட்டாபேஸ் சர்வரில் ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். தவறை உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். வழக்கமான பேக்கப் முறைகள் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல்கள் போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணியையே நேரலையில் காட்டினார்கள் என்பது அந்த நிறுவனத்தின் நேர்மை.

பழக்கமான கைக்கே இந்தக் கதி என்றால், மீட்டிங்கில் மாட்டிக்கொண்ட ஜூனியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆர்க்ளோனில் 'ட்ரை ரன்' என்று ஒரு வசதி இருக்கிறது. எதையும் தொடாமல், "ஓட்டினால் இதெல்லாம் நடக்கும்" என்று பட்டியல் மட்டும் போடும். அதை ஓட்டிப் பார்த்து, இரண்டாவது ஒருவர் படித்த பிறகே நிஜக் கட்டளை என்று ஒரு விதி இருந்தால் போதும். அந்த விதியைப் போட வேண்டியது மேனேஜர்.

வராமல் போகும் விஷயங்கள்

ஃபைல் வந்துவிட்டது என்றால் எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. யாருக்கு எந்த ஃபைலைப் பார்க்க அனுமதி என்ற பட்டியல் தானாகக் கூட வராது. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் போன்றவை வேறு தளத்துக்குப் போகும்போது வேர்ட், எக்ஸெல் ஃபைல்களாக மாறித்தான் போகும். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற வரலாறு பழைய வீட்டிலேயே தங்கிவிடும். கிளையன்ட்டோடு தகராறு வரும் நாளில்தான் அந்த வரலாற்றின் அருமை தெரியும்.

அதோடு, இரண்டு டீம்களின் கணக்குக்கும் உள்ளே போகும் சாவி ஒரே கம்ப்யூட்டரில், ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைலில் உட்கார்ந்திருக்கும். அதற்கு பாஸ்வேர்ட் போடும் வசதி உண்டு, தானாகப் போட்டுக்கொள்ளாது. வேலை முடிந்ததும் அந்த அனுமதியை ரத்து செய்யாமல் விடுவது, வீடு காலி செய்த பிறகும் சாவியைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது மாதிரி.

அப்புறம் ஏன் இந்த ரிஸ்க்?

இவ்வளவு ஆபத்து இருந்தால் எதையும் நகர்த்தாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். அதற்குப் பதில் 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் சேவை, கூகுள் தரப்பில் நடந்த ஓர் அமைப்புப் பிழையால் அழிக்கப்பட்டது. உறுப்பினர்களால் சுமார் ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. இழப்பைக் குறைத்ததில், வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்புக்கும் பங்கு உண்டு. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும் பழக்கம் அங்கே முன்பே இருந்தது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. கிளவுட் நிறுவனங்களை மாற்றிக்கொள்ள வழி திறக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. மாறுவதற்கான கட்டணத்தை 2027 ஜனவரியிலிருந்து வசூலிக்கவே கூடாது என்கிறது அது. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024-லேயே, முழுதாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு டேட்டா வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்துவிட்டன. கதவு திறக்கிறது. ஆனால், சாமானைக் கட்டத் தெரியாதவருக்குத் திறந்த கதவால் என்ன லாபம்?

அதனால், 'அது ஐடி ஆளுங்க வேலை' என்று ஒதுக்குவது இனி சரியில்லை. ஒவ்வொரு டீமிலும் குறைந்தது இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கட்டளை கொடுக்க, இன்னொருவர் சரிபார்க்க. வரிசையும் சுலபம்தான்: முதலில் ட்ரை ரன், பிறகு காப்பி, பிறகு செக். அழிப்பது கடைசி, அதுவும் சில வாரம் பொறுத்து. எந்தக் கட்டளை, எந்தத் தேதியில், யார் கொடுத்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்து வரும் ஜூனியர் முதலிலிருந்து தடவ வேண்டியதில்லை.

மூன்று வருட உழைப்பு ஒரு ஃபோல்டரில் இருக்கிறது என்றால், அதை நகர்த்தும் வேலைக்கு மீட்டிங்கின் கடைசி ஒரு நிமிடம் போதாது. "யாராவது மூவ் பண்ணிடுங்க" என்ற வரிக்குப் பதிலாக இரண்டு பெயர்களும் ஒரு தேதியும் அந்த மெயிலிலேயே இருக்கட்டும்.