தண்டவாளமும் தமிழ் எழுத்தும்

கடலூர்–சிதம்பரம் ரெயில் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர்தான் தூரம். 2010-ம் ஆண்டில் அங்கே அகல ரெயில் ஓடத் தொடங்கியது. இப்போது இடைவெளி 1,676 மில்லி மீட்டர். பழைய பெட்டியைக் கொண்டு வந்தால் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராது!

அதே ஆண்டில் தமிழ் எழுத்துக்கும் ஒரு பாதை மாற்றம் வந்தது.

எழுத்துக்கு எண்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். முன்பு தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்தார்கள். விளைவு என்ன? சிதம்பரத்துக் கடையில் அடித்த மனுவைக் கடலூரில் திறக்கிறார்கள். அதே எழுத்துரு அங்கே இல்லை என்றால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் குறிகளும்தான் தெரியும். மனுவில் உள்ள குறை யாருக்குப் புரியும்?

1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் "டாம்", "டாப்" என்ற இரு முறைகள் வகுக்கப்பட்டன. அப்போதும் குழப்பம் தீரவில்லை. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோட் முறையை ஏற்றது. அது ஒத்துவராத இடங்களுக்கு மட்டும் "டேஸ்-16" என்ற முறையை அனுமதித்தது.

கொடுத்த எண் மாறாது

யூனிகோடில் "அ"வின் எண் 2949. "க"வின் எண் 2965. எந்த ஊரிலும் இதே எண்தான். 1996-ல் வந்த பதிப்பில் கொரிய எழுத்துக்களின் எண்களை மாற்றினார்கள். பழைய எண்ணில் எழுதியவை பயனற்றுப் போகும் நிலை வந்தது. அதன் பிறகு, கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை, நீக்குவதுமில்லை என்று விதி செய்தார்கள். புதிதாகச் சேர்க்கத் தடையில்லை. 2019-ல் பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைக் குறிகள் முதலிய 51 குறிகள் சேர்ந்தன. அதனால் "அ" இடம் பெயரவில்லை.

ஒரு கம்ப்யூட்டர் நிரல் இன்னொரு நிரலோடு பேசுவதற்கும் இந்த விதியே நல்லது. புதியதைச் சேர்க்கலாம், பழையதை நம்பி இருப்பவரைத் தவிக்க விடக் கூடாது.

வீட்டில் உள்ளவை

பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், கணக்கு, ஆராய்ச்சிக் கட்டுரை ஆகியவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் வேலை சுலபம். மாற்றியதும் வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். பெயரும் எண்ணும் சரியாக இருந்தால்தான் பழைய பிரதியைக் கைவிடலாம்.