மாமா, அந்தக் கம்பெனியில சேரலாமுங்களா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகனிடமிருந்து போன். நாமக்கல்லில் ஒரே முதலாளியிடம் ஆறு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். இங்கே நாக்பூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் கூப்பிடுகிறார்களாம்.

"மாசம் பத்தாயிரம் சேத்தித் தர்றாங்களாமுங்க மாமா. முப்பதாயிரம் அட்வான்ஸும் உண்டாமா. சேந்துக்கட்டுங்களா?"

பத்தாயிரம் என்றதும் சந்தோஷப்பட்ட எனக்கு, முப்பதாயிரம் என்றதும் பக்கென்றது. பாங்கில் இருபது வருஷம் கடன் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். பத்திரம் இல்லை, தவணை இல்லை, பாக்கி எவ்வளவு என்று கடன் வாங்கியவனுக்கே தெரியாது. இப்படி ஒரு கடனை எந்த பாங்கும் கொடுக்காது, லாரி ஆபீசில் மட்டும்தான் கிடைக்கும். டயர் வெடித்தால் அதில் ஏறும், சரக்கு குறைந்தால் அதில் ஏறும். இரண்டு வருஷம் ஓட்டிய பிறகும் முப்பதாயிரம் அப்படியே நிற்கும். வேறு வேலைக்குப் போகவும் முடியாது. அட்வான்ஸ் வாங்காதே, வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மாசம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள் என்றேன்.

அடுத்து டீசல் கணக்கு. நம் பையன்கள் சம்பளத்தைக் கேட்பார்கள், படியைக் கேட்பார்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள் என்பதைக் கேட்கமாட்டார்கள். லிட்டருக்கு 4 என்று வைத்தால் 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் தருவார்கள். பழைய வண்டி, 3.7 தான் கொடுக்கிறது என்றால் 270 லிட்டர் குடிக்கும். அந்த 20 லிட்டர் டிரைவர் தலையில். மாசம் 4,000 கிலோமீட்டர் ஓட்டினால் 80 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 7,200 போச்சு. சேத்தித் தருகிற பத்தாயிரத்தில் மிச்சம் என்ன, நீங்களே பாருங்கள். காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் ஒரே கணக்கா, காட் ரோட்டுக்கு என்ன கணக்கு, இதையெல்லாம் வண்டி ஏறுமுன் கேட்க வேண்டும். ஃபேக்டரி வாசலில் மூன்று நாள் லோடுக்குக் காத்துக் கிடந்தால் ஹால்டிங் படி உண்டா என்பதையும்.

ஓவர்லோடு விஷயத்தில் 2019 செப்டம்பருக்குப் பிறகு விளையாட முடியாது. அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றச் சொன்னவர் ஆபீசில் இருப்பார், ரோட்டில் பிடிபடுகிறவன் டிரைவர். இ-வே பில்லும் அப்படித்தான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வண்டி நடுவழியில் பழுதாகிக் கெடு தாண்டினால், முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்க அந்த ஆபீசில் ஆள் உண்டா?

இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் கேட்கச் சொன்னேன். 15 லட்சம் விபத்துக் காப்பீடு என்று அதில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நமக்கும் உண்டு என்று பல டிரைவர்கள் நினைக்கிறார்கள். அது வண்டியின் சொந்தக்காரருக்கு. சம்பள டிரைவருக்கான பொறுப்பு தனி வரியில் இருக்கும், அதற்குப் பிரீமியம் மிகச் சிறிய தொகை. அந்தத் தொகையை மிச்சம் பிடிக்கிற முதலாளி வேறு எதிலெல்லாம் பிடிப்பார் என்று யோசிக்க வேண்டும். (கம்பெனி என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், பாங்க் கணக்கு வழியாக வருஷம் 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. உங்கள் வீட்டு டிரைவர்களுக்கு இதையாவது போட்டுவிடுங்கள்.)

கடைசியாக ஒன்று சொன்னேன். இது எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் வார்தா ரோட்டில் ஒரு தாபா வாசலில் எங்கள் பாங்க் ஒரு லாரியைப் பிடித்தது. ஆறு தவணை பாக்கி. நானும் போயிருந்தேன். டிரைவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் தமிழில் பேசியதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்னும் மறக்கவில்லை. வண்டியைப் பிடிப்பதே நான்தான் என்று புரிந்ததும் அது அணைந்ததையும்தான். ஸ்டவ், பாய், துணிமூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு மாச சம்பளம் பாக்கி சார். வண்டிய எடுத்துக்கிட்டீங்க, அதை யார்கிட்ட கேக்கிறது?" எங்கள் ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு காலமும் கிடையாது. முதலாளி போனை எடுக்கவில்லை. ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அதனால், முதலாளி தவணை கட்டுகிறாரா என்று பார்க்காமல் சேரக் கூடாது என்பேன். எப்படிப் பார்ப்பது? எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி, இன்சூரன்ஸ் தேதி தெரியும். இரண்டு மூன்று வண்டிகளுக்கு அது தாண்டியிருந்தால் கையில் காசில்லை என்று அர்த்தம். அதைவிட நல்ல வழி, ஆபீசில் கேட்காமல் பார்க்கிங்கில் சமைத்துக்கொண்டிருக்கும் டிரைவர்களிடம் கேட்பது. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, கையிலா பாங்கிலா, போன தீபாவளிக்கு என்ன செய்தார்கள்? ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் வெளியே வரும்.

நேற்று பேசினான். ஹால்டிங் படியும் டீசல் கணக்கும் கேட்டதற்கு, "முதல்ல வண்டி ஏறுப்பா, அப்புறம் பேசிக்கலாம்" என்றாராம் அங்கே இருக்கும் நம் ஊர் மேனேஜர். இவன் ஏறவில்லை. அக்காவுக்கு என் மேல் கோபம், கல்யாணச் செலவுக்கு அந்த முப்பதாயிரத்தை நம்பியிருந்தாளாம். பழைய முதலாளியிடம் 3,000 ஏற்றிக் கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.