கையோடு வந்த தொழில்

யுகுலேலே என்னும் நான்கு தந்தி வாத்தியத்தைக் கையால் செய்வோர் இன்று கருங்காலி, தோதகத்தி, மஹோகனி எனப் பல நாட்டு மரங்களைத் தேடி வாங்குகின்றனர். பார்வைக்கு அழகுதான். ஆயினும் அவ்வாத்தியம் பிறந்த விதத்தை நாம் மறத்தலாகாது.

1879ஆம் ஆண்டு போர்த்துக்கலின் மடெய்ராத் தீவிலிருந்து பல குடும்பங்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறின. அவர்களுள் மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூவரும் தளபாடத் தச்சர்கள். தம் ஊரில் வாசித்த சிறு கித்தாரைப் பின்பற்றி, ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் கோவா மரத்தில் வாத்தியம் செய்தனர். அதுவே யுகுலேலே ஆயிற்று. மன்னர் கலாகவுவும் அதனை ஆதரித்தார்.

அவர்களுக்கு வேண்டியிருந்தவை நன்கு உலர்ந்த மரமும், பலகையை மெல்லியதாகச் சீவிப் பக்கங்களைச் சூட்டில் வளைக்கத் தெரிந்த கையுமே.

ஊரைவிட்டுப் புறப்படுவோர் காணியைத் தூக்கிச் செல்ல முடியாது; கற்ற தொழில் கூடவே வரும். பழகிய மரம் இல்லை, வசதி இல்லை என்று அதனைக் கைவிடுதல் தகாது. பிள்ளைகளுக்குத் தொழிலைப் பழக்குவோம். போகும் இடத்து மரம் அவர்களுக்கு உதவும்.