நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள்

1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படையினரோடு இறங்கிய ஒளிப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் கையில் இருந்தவை கான்டாக்ஸ் கேமராக்கள். ஜெர்மனியில் சைஸ் ஐகான் நிறுவனம் செய்தவை. ஜெர்மானியருக்கு எதிரான படையெடுப்பைப் பதிவு செய்ததும் ஜெர்மன் கேமராதான். ஜூன் 19 தேதியிட்ட ‘லைஃப்’ இதழில் படங்கள் வெளிவந்தபோது அவை கலங்கியிருந்தன. பரபரப்பில் காப்பாவின் கை ஆடிவிட்டது என்று இதழ் விளக்கம் சொன்னது. பிறகு இன்னொரு கதை கிளம்பி நிலைத்துவிட்டது. லண்டன் டார்க் ரூமில் அவசரக்கார உதவியாளர் ஒருவர் உலர்த்தும் அலமாரியின் கதவை மூடிவிட்டாராம். வெப்பத்தில் ஃபிலிமின் பூச்சு உருகி வழிந்ததாம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் பதினொன்றுதான் தப்பினவாம்.

இந்தக் கதைக்கு ஒரு தடயமும் காட்டப்பட்டது. மிஞ்சிய நெகட்டிவ்களில் காட்சி தன் சட்டத்தைத் தாண்டி, ஒரு பக்கம் ஓரத் துளைகள் வரை பரவியிருந்தது. பூச்சு உருகி நகர்ந்ததற்கு இதுவே அத்தாட்சி என்றார் காப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் வீலன். 2014இல் ஒளிப்பட விமர்சகர் ஏ.டி. கோல்மனும் அவரது குழுவினரும் அந்த ஓரத்தை மறுபடி ஆராய்ந்தார்கள். கோடாக் ஃபிலிம் உருளையை அந்த வகை கான்டாக்ஸில் போட்டால் சுருள் இம்மி அளவு விலகி உட்காரும், காட்சி துளைகள்மீதும் விழும் என்று காட்டினார்கள். படையிறக்கத்துக்கு முன்பு காப்பா எடுத்த படங்களிலும் அதே விலகல் இருந்தது. உருகலுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது கேமராவின் சாதாரண இயல்பு. அன்று லண்டனில் படப் பிரிவைக் கவனித்த ஜான் மோரிஸே, மற்ற ரோல்களில் படமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று கடைசிக் காலத்தில் ஒப்புக்கொண்டார்.

புகழ்பெற்ற ஆவணத்துக்கே இந்தக் கதி என்றால், பரணிலிருந்து இறக்கிய கேமராவின் கதி என்ன? ஃபிலிம் மீண்டும் நடமாடத் தொடங்கியிருக்கிறது. லைக்கா 2022இல் எம்6 மாடலைத் திரும்பக் கொண்டுவந்தது; 2024இல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. அந்த விலை கட்டாதவர்கள் பழைய யாஷிகா, கேனனெட், சோவியத் சோர்க்கி என்று தேடிப் பிடிக்கிறார்கள். முதல் ரோல் கழுவி வருகிறது: ஒன்றில் ஆரஞ்சுக் கீற்று, ஒன்றில் பாதி இருட்டு, ஒன்றில் யார் முகமும் தெளிவில்லை. உடனே இரண்டில் ஒரு தீர்ப்பு. ‘அடடா, பழமையின் அழகு!’ என்பது ஒன்று. ‘கேமரா போச்சு’ என்பது மற்றொன்று. இரண்டுமே விசாரிக்காமல் எழுதிய தீர்ப்புகள்தான்.

அழகு என்பவர்களை முதலில் பார்ப்போம். 1992இல் வியன்னாவில் தோன்றிய லோமோகிராஃபி இயக்கம் ஒளிக்கசிவையும் மங்கலையும் கொண்டாடியது. பின்னால் வந்த கைப்பேசிச் செயலிகள் அதே கீற்றைப் பொத்தானை அழுத்தினால் பூசித் தந்தன. ரசிப்பவர் ரசிக்கட்டும். ஆனால் பழைய கேமரா என்றாலே இப்படித்தான் எடுக்கும் என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கியிருப்பது அநியாயம். ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. 1932இல் லென்ஸோடு இணைந்து இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டர் அதில் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு கான்டாக்ஸும் போட்டிக்கு வந்தது. இரண்டு சிறு ஜன்னல்கள் வழியே தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகச் சேரும்போது தூரம் சரி. லைக்காவின் திருகு மவுண்டில் லென்ஸ் அமரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் கூட அகலத் திறந்த லென்ஸில் அது தெரிந்துவிடும். அவ்வளவு நுணுக்கம் பார்த்தவர்களின் கருவி மங்கல் படம் தந்தால், அது பழுது.

போச்சு என்பவர்களுக்குத்தான் ஓரத்தைப் பார்க்கும் வித்தை வேண்டும். ஃபிலிமின் ஓரத்தில் நிறுவனப் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டுவிடும். கேமராவுக்கு அவற்றில் பங்கே இல்லை. ரோல் முழுக்க வெற்றாக வந்தும் ஓர எழுத்துகள் பளிச்சென்று இருந்தால் லேப் மீது தப்பில்லை. ஃபிலிம் கியரில் மாட்டாமல் சும்மா நின்றிருக்கும், அல்லது ஷட்டர் திறந்திருக்காது, அல்லது லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருப்பார்கள். (ரேஞ்ச்ஃபைண்டரில் பார்வை லென்ஸ் வழியாகப் போவதில்லை, மூடி போட்டபடியே முழு ரோலையும் சுட்டுத் தள்ளலாம்.) ஓர எழுத்துகளே வெளிறியோ இல்லாமலோ இருந்தால் கழுவிய இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். எழுத்துகள் அழுத்தமாக இருந்து படங்கள் மட்டும் மெலிந்திருந்தால் ஒளி போதவில்லை என்று அர்த்தம். 1970களின் கேனனெட்டில் இது அடிக்கடி வரும். அதன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது; இன்று கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, ஒளியைக் குறைத்துவிடும்.

ஒளிக்கசிவுக்கும் ஓரமே சாட்சி. கீற்று துளைகளைத் தாண்டி விளிம்பு வரை ஓடினால் கசிவு கேமராவின் பின்கதவிலோ ஃபிலிம் உருளையிலோ இருக்கிறது. ஜப்பானிய கேமராக்களின் கதவு விளிம்பில் வைத்த நுரைப் பட்டை ஆண்டுகள் போகப் போகத் தார்போலப் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். அதை மாற்றுவது சில மணி நேர வேலை. கலர் ஃபிலிமில் நிறமும் பேசும். முதுகுப் பக்கமாக நுழையும் வெளிச்சம் முதலில் சிவப்பை உணரும் அடுக்கைத்தான் தொடும். ஆரஞ்சும் சிவப்புமாகக் கீற்று விழுவது அதனால்தான்.

கறை காட்சிச் சட்டத்துக்குள்ளேயே நின்று, ஓரம் சுத்தமாக இருந்தால் கதை வேறு. லைக்கா, சோவியத் ஃபெட், சோர்க்கி ஆகியவற்றின் ஷட்டர் ரப்பர் பூசிய கறுப்புத் துணியாலான இரண்டு திரைகள். எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பதுபோல முன்னால் மறைக்கும் கண்ணாடி இங்கே கிடையாது. லென்ஸைத் திறந்தபடி சூரியனை நோக்கி வைத்தால், பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கும் சிறுவனின் வேலையை லென்ஸ் அந்தத் துணியில் செய்துவிடும். விளைவு ஊசித்துளை, பிரிண்டில் படத்துக்குப் படம் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி. உள்ளே உருவம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல்பகுதிப் புள்ளிக்குத் திரையின் கீழ்ப்பகுதியில் துளை தேட வேண்டும். அடுத்த படத்துக்குச் சுற்றி வைத்த நிலையில் ஃபிலிமைக் காப்பது முதல் திரை. சுற்றாமல் வைத்தால் இரண்டாம் திரை. எந்த நிலையில் வைத்திருந்தபோது புள்ளி விழுந்தது என்று கவனித்தால் ஓட்டை எந்தத் திரையில் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் இருண்டு போகும் படத்துக்கு ஷட்டர் வேகத்தைக் கேட்க வேண்டும். 1/30இல் சரியாக வந்து 1/500இல் மட்டும் இருண்டால், பின்னால் வரும் திரை முன்னால் போகும் திரையை எட்டிப் பிடிக்கிறது. சுத்தம் செய்து வில் விசையைச் சரிப்படுத்தினால் தீரும். சோர்க்கியில் திரை கிடைமட்டமாக ஓடுவதால் இருட்டு இடம் அல்லது வலம் வரும். கான்டாக்ஸிலும், போருக்குப் பின் அதன் அச்சில் கீவ் நகரின் அர்செனல் ஆலை செய்த ‘கீவ்’ கேமராவிலும், பட்டு நாடாக்கள் தாங்கும் உலோகத் திரை மேலிருந்து கீழாக ஓடும். அங்கே இருட்டு மேலோ கீழோதான் விழும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் கேனனெட், யாஷிகா வகைகளில் இந்த நோய் வரவே வராது. ஃபிளாஷ் போட்டு எடுத்தவை மட்டும் பாதியாக வந்தால் பழுதே இல்லை. சோர்க்கி-4க்கு ஃபிளாஷ் வேகம் 1/30, அதற்கு மேல் வைத்தது எடுத்தவரின் கை.

படம் தெளிவில்லை என்றால் ஒரே கேள்வி: எங்காவது தெளிவு இருக்கிறதா? குறிவைத்த முகம் மங்கி, பின்னால் இருக்கும் சுவர் துல்லியமாக இருந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் பிசகியிருக்கிறது. எங்குமே இல்லையென்றால் கை ஆட்டம், அல்லது லென்ஸுக்குள் படிந்த மூட்டம், பூஞ்சை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் கேமராவைத் தோலுறையிலேயே வருடக்கணக்கில் மூடிவைப்பது பூஞ்சைக்குப் படுக்கை விரித்துக் கொடுப்பது. பிசகைச் சோதிக்க ஒரு நாளிதழே போதும். சாய்வாக விரித்து, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, லென்ஸை முழுதாகத் திறந்து, நடுவரியைக் குறிவைத்து எடுத்தால் எந்த வரி தெளிந்தது என்று நெகட்டிவ் சொல்லிவிடும். கான்டாக்ஸ் கணக்கை ஒட்டி வந்த சோவியத் ஜூபிட்டர் லென்ஸை லைக்காவில் மாட்டினால் தொலைவில் சரியாகவும் அருகில் தவறாகவும் வரும். அங்கே கேமராவும் குற்றமற்றது, லென்ஸும் குற்றமற்றது; ஜோடிதான் பொருந்தவில்லை.

இத்தனையையும் வாசிக்க நெகட்டிவ் கையில் இருக்க வேண்டும். இன்று பலர் ரோலைக் கொடுத்துவிட்டு ஸ்கேன் கோப்புகளை மட்டும் கைப்பேசியில் வாங்கிக்கொள்கிறார்கள். வழக்கமான ஸ்கேன் ஓரத்தை வெட்டிவிடும். மெலிந்த படத்தை மென்பொருள் தூக்கிப் பிடித்து மறைத்துவிடும். அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நோய் தெரியாமல் திருப்புளி எடுப்பவரிடம் நல்ல கேமராவும் பிழைக்காது.

லேப் நடத்துபவர்கள் கேட்காமலேயே நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும்; வாடிக்கையாளர் வந்து எடுத்துக்கொள்ளும் வரை பத்திரப்படுத்தவும் வேண்டும். பழைய கேமரா வாங்கியவர்கள் முதல் ரோலை ஊர் சுற்ற வைக்காமல் சோதனைக்கென ஒதுக்கட்டும்: ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம், அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று, எதை எப்படி எடுத்தோம் என்று ஒரு தாளில் குறிப்பு. பழுது பார்ப்பவரிடம் போகும்போது கேமராவோடு அந்த நெகட்டிவையும் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.