வழி கேட்டு நடப்போம்

சுற்றுலா என்றவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? ஒரு பேருந்து, ஐம்பது மாணவியர், முன்னால் கையசைத்துச் செல்லும் ஒரு வழிகாட்டி. அவர் நில் என்றால் நிற்கிறோம். பார் என்றால் பார்க்கிறோம். வீடு திரும்பியதும், "எந்தத் தெரு வழியாகப் போனீர்கள்?" என்று அம்மா கேட்டால் விழிக்கிறோம். கண்டவை பல, சென்ற வழி மட்டும் தெரியாது. இதனை ஊரை அறிந்ததாகக் கொள்ள முடியுமா? முடியாது என்பதே நம் கருத்து. ஒரு பழம்பெரும் நகரை அறிய விரும்புவோர், கையில் வரைபடத்துடன் தாமே வழி கண்டு நடக்க வேண்டும்.

இக்கலையைப் பயில நம் மதுரையைவிடச் சிறந்த இடம் ஏது? மீனாட்சியம்மன் கோவிலை நடுவில் கொண்டு, சதுரத்திற்குள் சதுரமாக அமைந்த நகர் இது. கோவில் மதிலுக்குள்ளே ஆடி வீதிகள். மதிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள். அடுத்து ஆவணி மூல வீதிகள். அதற்கடுத்து மாசி வீதிகள். யாவற்றிற்கும் வெளியே வெளி வீதிகள். ஒவ்வொன்றும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என நான்காகும். கீழ என்பது கிழக்கு. மேல என்பது மேற்கு. இவ்வளவு தெரிந்தால் கடைகளின் பெயர்ப்பலகைகளே வழி சொல்லும். 'தெற்கு மாசி வீதி' என்று ஒரு பலகையில் கண்டால், கோவில் நமக்கு வடக்கே உள்ளது என்றும், இடையில் ஆவணி மூல வீதியும் சித்திரை வீதியும் உள்ளன என்றும் அறியலாம்.

ஆயினும் இந்த ஒழுங்கிலேயே ஒரு சிக்கலும் உண்டு. நான்கு திசையிலும் ஒன்பது நிலைக் கோபுரங்கள்! தாம் காண்பது எந்தக் கோபுரம் என்று புதியவர் திகைப்பதில் வியப்பில்லை. காலையில் கதிரவன் இருக்கும் பக்கம் கிழக்கு என்று முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கோபுரங்களுள் மிக உயர்ந்தது 160 அடிக்கும் மேற்பட்ட தெற்குக் கோபுரம். கோவிலை வலமாகச் சுற்றி வந்தால் கோபுரங்கள் நம் வலப்புறமே இருக்கும். இடப்புறம் தெரிந்தால் எதிர்த்திசையில் நடக்கிறோம் என்று பொருள்.

இவ்வாறு நடப்பவருக்கு வீதிகளின் பெயர்களே வரலாற்றுப் பாடமாகும். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவது ஏன்? மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பர். வெளி வீதிகள் அத்தனை அகலமாக இருப்பது ஏன்? அங்கே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. அவர் நினைவாக நிற்பதே விளக்குத்தூண். அதனைக் கடந்து 1636-இல் கட்டப்பட்ட நாயக்கர் மகாலுக்கு விரைவோர் பலர். அருகில் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் நிற்கும் பத்துத்தூணை எத்தனை பேர் கண்டிருப்போம்? அவையும் நாயக்கர் அரண்மனையின் எச்சங்களே. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய இடம் மேலமாசி வீதியில் உள்ளது. கீழவெளி வீதியில் நம் மரியன்னைப் பேராலயம் எழுந்து நிற்கிறது. பேருந்துச் சன்னலில் இவை நொடியில் மறையும். நடப்பவருக்கோ ஒன்றோடொன்று இணைந்து ஒரே நகராகத் தெரியும்.

"கைப்பேசியில் அம்புக்குறி வழி காட்டுகிறதே, இவ்வளவு தொல்லை எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். அவசரத்திற்கு அது உதவும்; மறுக்கவில்லை. ஆனால் அது திரும்பு என்று சொல்லுமே அன்றி, எங்கே நிற்கிறோம் என்பதை நம் மனத்தில் எழுதாது. மின்கலம் தீர்ந்தால் வழியும் தீர்ந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. பூக்கடைப் பாட்டியிடமும் தேநீர்க் கடை அண்ணாச்சியிடமும் வழி கேட்பது வெட்கமன்று. அதுவும் ஒரு கல்வியே.

பெற்றோர் அஞ்சுவது நியாயமே. பெண் பிள்ளைகள் தெருவில் தனியே அலைவதா என்று அவர்கள் தயங்குவதை நாம் அறிவோம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை வாகனத்திலேயே சென்று வளர்ந்த பெண், நாளை கல்லூரிக்கோ வேலைக்கோ அயலூர் சென்று திடீரெனத் தனித்து நிற்கும்போது என்ன செய்வாள்? வழி அறியாமை பாதுகாப்பாகாது. வழி அறிந்தவளே அச்சமின்றித் திரும்பி வருவாள்.

ஆகவே அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் நாம் வேண்டுவது சிறிதே. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமைக் காலை, நால்வர் நால்வராக, நாமே வரைந்த வரைபடத்துடன் மாசி வீதிகளுக்குள் நடக்க அனுமதி தாருங்கள். ஆசிரியை பின்னே வரட்டும். முன்னே நடப்பவர் நாமாக இருப்போம். வழி தவறினால் நாமே கேட்டுத் தெளிவோம். பிறந்து வளர்ந்த ஊரில் விருந்தினராக வாழாமல், அதன் ஒவ்வொரு வீதியையும் நமதென்று அறிந்த மகளிராக வளர்வோம்!