பால்வாடி வாசலோடு திரும்பாதீர்கள்

கல்வி என்று பேசத் தொடங்கினால் நாம் இடஒதுக்கீடு, உதவித்தொகை, ஆதிதிராவிடர் விடுதி என்றுதான் போகிறோம். அவை நம் உரிமைகள். விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் சாதி நம் பிள்ளையை முதன்முதலில் சந்திக்கிற இடம் கல்லூரி அல்ல, பள்ளிக்கூடம்கூட அல்ல. தட்டும் டம்ளருமாக அது போகிற பால்வாடி. அரசாங்கம் அங்கன்வாடி என்கிறது. நம் சனத்துக்கு இன்றைக்கும் அது பால்வாடிதான். அங்கே நாள் முழுக்க என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த டீச்சரிடம் நின்று பத்து வார்த்தை பேசியவர்கள் எத்தனை பேர்?

பேசாததற்குக் காரணம் அக்கறை இல்லாதது அல்ல. விடியுமுன் நகராட்சித் துப்புரவு வேலைக்குப் போகிற தாய், களையெடுக்கப் போகிற தாய், செங்கல் சூளைக்குப் போகிற தாய் இவர்கள் யாரும் பால்வாடி திறக்கிற நேரத்தில் வீட்டில் இல்லை. கிழவியோ அக்காக்காரியோ வாசல்வரை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இன்னொரு காரணம் பயம். "நாம ஏதாச்சும் கேட்டுட்டு வந்தா, அப்புறம் புள்ள மேலதான காட்டுவாங்க" என்று தாய்மார்கள் சொல்வது கோழைத்தனம் அல்ல. பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அவரையே கேள்வி கேட்பது யாருக்கும் எளிதில்லை. டீச்சர் ஊர்த் தெருக்காரராகவும் தாய் சேரிக்காரியாகவும் இருக்கிற இடத்தில் அது இன்னும் கடினம்.

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் சாக்கின்மீது தனியாக உட்கார வைக்கப்பட்டார். பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் கிடையாது. 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் பள்ளிப் பானையில் தண்ணீர் குடித்த தலித் சிறுமி ஆசிரியரின் அடியில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். தண்ணீரும் சோறும்தான் சாதி காவல் காக்கிற இடங்கள். பால்வாடியில் இருப்பதும் அவை இரண்டும்தான்.

மூன்று வயதுப் பிள்ளை சாட்சி சொல்லாது. காலையில் போகமாட்டேன் என்று அழும். பசியோடு திரும்பி வரும். விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வரும். எல்லா அழுகைக்கும் சாதிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. காய்ச்சலாக இருக்கலாம், புது இடத்து மிரட்சியாக இருக்கலாம். அதனால்தான் கேட்க வேண்டும். "என்ன சாப்பிட்ட?" என்பதோடு விடாதீர்கள். "பக்கத்துல யாரு உக்காந்தா? தண்ணி யாரு மொண்டு குடுத்தா? டீச்சரு உன்னை என்ன பேரு சொல்லிக் கூப்புட்டாங்க?" என்று கேளுங்கள். "காலனிப் புள்ள" என்று பதில் வந்தால், பெயரை மீட்பதுதான் முதல் வேலை.

கூனிக் குறுகிப் போய்க் கேட்க வேண்டியதில்லை. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. புதிய மையங்களுக்குத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளை முன்னுரிமை கொடுத்துக் கண்டறிய வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் உள்ள உணவை உரிமையாக்கியது. அந்த முட்டையும் சோறும் யாரும் போடுகிற பிச்சை அல்ல.

அதே நேரம், டீச்சரை எதிரியாக வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அவரும் குறைந்த கூலிக்கு உழைக்கிற பெண். சமையலும் பதிவேடும் எடை போடுவதும் போலியோ சொட்டு மருந்தும் அவர் தலையில்தான். பிரச்சினை வந்த அன்று மட்டும் போனால் அது சண்டை. ஒன்றும் நடக்காத நாளிலும் போய் வந்தால் அது பழக்கம். மாதம் ஒருமுறை எடை போடுகிற நாளில் போங்கள். எடை அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லுங்கள்: "இவனுக்குக் காய்ச்சல்னா வலிப்பு வரும்", "ராத்திரி தூங்கலை டீச்சர், இன்னைக்குச் சிணுங்குவான்."

மொழியும் ஒரு சங்கதி. அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு. "நீள்ளு" என்று பிள்ளை கேட்பது தண்ணீர் என்று டீச்சருக்குத் தெரியாவிட்டால், தாகத்தோடு இருக்கிற பிள்ளை அடம்பிடிக்கிற பிள்ளையாகிவிடும். தண்ணீர், பசி, வெளிக்குப் போவது, வலி இந்த நான்குக்கும் உங்கள் வீட்டுச் சொல்லை டீச்சரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பேச்சில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் நல்லுறவுக்கு. ஆனால் தனிப் பந்தி, தனி டம்ளர், சாதியைச் சொல்லி ஏசுவது இவை பேசித் தீர்க்கிற மனத்தாங்கல்கள் அல்ல, குற்றங்கள். அங்கே நயம் வேண்டாம். ஒற்றைத் தாயாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள். பயத்துக்கு மருந்து அதுதான்: நான்கு பேர் கேட்டால் ஒரு பிள்ளைமீது காட்ட முடியாது. நாள், நேரம், நடந்தது, பார்த்தவர் எல்லாவற்றையும் எழுதுங்கள். மேற்பார்வையாளருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மனு கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லையா, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் போங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பால்வாடி வாசலில் நின்றுவிடுவதில்லை.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பால்வாடிக்குப் போனதும் நீங்களே முழங்கத் தொடங்காதீர்கள். நீங்கள் கூட்டம் முடிந்து போய்விடுவீர்கள். மறுநாளும் அந்த வாசலில் பிள்ளையை விடப்போவது தாய்தான். அவர் பேசட்டும், பக்கத்தில் நில்லுங்கள். மாணவர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருப் பால்வாடிக்கு ஒரு நாள் போங்கள். எடை அட்டையைத் தாய்மார்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். தகப்பன்மார்களும் போக வேண்டும். பிள்ளையைப் பற்றிக் கேட்பது பொம்பளை வேலை என்று ஒதுங்குவது நம் வீட்டுக்குள் நாமே வைத்திருக்கிற ஏற்றத்தாழ்வு.

கற்பி என்பதைப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து எண்ணுகிறோம். மூன்று வயதிலிருந்தே எண்ணுவோம். வரப்போகிற எடை போடும் நாளில், தெருவுக்கு நான்கு பேராவது பால்வாடிக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்து, நம் பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரித்து வர வேண்டும்.